துடுப்பு

“யாரு செத்துட்டாங்க?” என்று கூழ் வண்டி அக்கா கேட்டது ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில். தை பிறந்தும் அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. பெரிய துக்கத்தோடெல்லாம் அவர் கேட்கவில்லை. அண்டாவுக்குள் துடுப்பை விட்டுத் துழாவிக்கொண்டே, தெருமுனையில் பறைச் சத்தம் கேட்டால் யாரும் கேட்பதுபோல்தான் கேட்டார். நாங்கள் மூன்று பேர் நின்றிருந்தோம். மூவருக்கும் விடை தெரியும். ஒருவரும் சொல்லவில்லை. சில்லறை கொடுத்துவிட்டு அவரவர் வீட்டைப் பார்க்கப் போனோம். நடைமேம்பாலத்தில் கூட்டத்தோடு கூட்டமாய் ஏறும்போதும், கடற்கரை வண்டியில் குரோம்பேட்டை தாண்டி உட்கார இடம் கிடைக்கும்போதும் அந்தக் குரல் காதோரம் வந்து நிற்கிறது. எழுதிப் பார்த்தால் கொஞ்சம் பிடிபடும் என்று தோன்றுகிறது.

மேற்குத் தாம்பரத்தில் தொடங்கி முடிச்சூர் வழியாக வாலாஜாபாத்துக்கும் அங்கிருந்து காஞ்சிபுரத்துக்கும் போகிற சாலையில் நிற்கிறது அந்தக் கூழ் வண்டி. காலை ஆறு மணிக்கெல்லாம் வண்டி வந்துவிடும். முந்தின நாளே அக்கா கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்கவைத்து, நொய்யைக் குழைய வேகவிட்டு, அதில் மாவை ஊற்றிக் கட்டிதட்டாமல் துடுப்பால் கிண்டி, ஆறியபின் உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டுவைக்கிறார். காலையில் உருண்டையை மோரும் உப்பும் விட்டுக் கையாலேயே கரைக்கிறார். இந்தப் பக்கத்தில் கேழ்வரகு என்று யாரும் சொல்வதில்லை, ‘கேவுரு’ என்றுதான் சொல்வோம். தட்டில் சின்ன வெங்காயம், மோர்மிளகாய், கொத்தவரை வத்தல், பருவத்தில் கீறிய மாங்காய். பக்கத்திலேயே டீக்கடை. நான் டீ குடிக்கிறவன். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் வருவார், அவரை ஐயா என்போம். அவர் கையில் வீட்டு ஃபில்டர் காபி நிரப்பிய பிளாஸ்க் இருக்கும். மூன்றாமவன் தம்பி. ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பிரஸ் ஷாப்பில் வேலை. இரவு ஷிப்ட் முடித்துக் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே வண்டிக்கு வந்து ஒரு சொம்பு கூழைக் கடகடவென்று குடித்தபிறகுதான் வாய் திறப்பான். திறந்தால் மெட்டல் இசைதான்.

அரை மணி நேரப் பேச்சுக்கு ஒழுங்கு எதுவும் கிடையாது. காபியில் சிக்கரி எவ்வளவு போடலாம் என்று தொடங்கி, ஒரு பாடகனின் தொண்டைக்குப் போய், குறுந்தொகையில் இறங்கி, மறுபடி காபிக்கு வருவோம். ஐயா கூழைத் தொடமாட்டார். ஒத்துக்கொள்ளாது என்பார். ஒருநாள் தானாகவே சொன்னார்: “எஸ்.எஸ்.எல்.சி. தேறின அன்னைக்குத்தான் எங்கம்மா எனக்குன்னு காபி போட்டாங்க. அதுவரைக்கும் மூணு வேளையும் இதுதான். அவங்க கடைசிவரைக்கும் இதைத்தான் குடிச்சாங்க.” அதன்பிறகு நான் அவரைக் கூழ் குடிக்கச் சொல்வதை விட்டுவிட்டேன். காபி இந்த ஊர்களில் வெறும் பானமாக வரவில்லை. நீராகாரத்தையும் பழையதையும் கூழையும் பின்கட்டுக்குத் தள்ளிவிட்டு முன்கட்டில் வந்து உட்கார்ந்தது. ஆ.இரா. வேங்கடாசலபதி தன் புத்தகத்துக்கு ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்று பெயர் வைத்தது சும்மா இல்லை. யார் காலையில் எதைக் குடித்தார்கள் என்று கேட்டால் ஒரு வீட்டின் கதை முழுவதும் வந்துவிடுகிறது.

தம்பிக்குப் பிடித்த பாடகர்கள் மூன்று பேர். அயர்ன் மெய்டனின் புரூஸ் டிக்கின்சன், ஓபெத்தின் மிகைல் ஆகர்ஃபெல்ட், டெத் என்ற குழுவின் சக் ஷுல்டினர். 2009இல் ஓபெத் கிண்டி ஐஐடியின் சாரங் விழாவில் வாசித்தபோது தம்பி கல்லூரியில் முதல் வருடம். ஒரே மனிதன் ஒரு வரியை உறுமலாகவும் அடுத்த வரியைத் தாலாட்டாகவும் பாடியதைப் பார்த்துவிட்டு அன்றிரவு தூங்கவில்லை என்பான். ஷுல்டினர் 2001 டிசம்பரில் மூளைக் கட்டியால் இறந்தபோது வயது 34. “இப்ப எனக்கு அதே வயசு, அண்ணா” என்று ஒருமுறை சொன்னான், வெங்காயத்தைக் கடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு. ஐயா இந்த இசையை ‘உலோக இசை’ என்று மொழிபெயர்த்துவிட்டு, எந்த உலோகம் என்று கேட்பார். இரும்புத் தகடு என்று தம்பி சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. பர்மிங்காமில் டோனி அயோமி என்கிற பதினேழு வயதுப் பையன், தகட்டுத் தொழிற்சாலையில் தனக்குக் கடைசி வேலைநாள் என்றிருந்த அன்று, எந்திரத்தில் கை சிக்கி இரண்டு விரல் நுனிகளை இழந்தான். பிளாஸ்டிக் போத்தலை உருக்கி நுனிக்குக் குப்பிகள் செய்து, தோல் ஒட்டி, மறுபடி கிட்டாரை எடுத்தான். வலி குறைய மெல்லிய தந்திகளைப் போட்டான், பிற்பாடு இறுக்கத்தையும் தளர்த்தினான். ஒலி கனத்து இறங்கியது. அவன் குழுவான பிளாக் சாபத்தின் அந்த இருண்ட ஒலிக்கு அடியில் ஒரு தொழிலாளியின் வெட்டுப்பட்ட விரல் இருக்கிறது. “எங்க லைன்லயும் விரல் போனவங்க இருக்காங்க” என்றான் தம்பி. அவர்களில் யாரும் கிட்டார் வாசிப்பதில்லை என்று அவன் சொல்லவில்லை, எங்களுக்கே தோன்றியது.

அந்தக் கேள்விக்கு இரண்டு வாரம் முந்தைய ஞாயிறன்று பேச்சு சிங்கப்பூர் ருத்ராவுக்குப் போயிற்று. 1992இல் தொடங்கிய குழு. கதிர் பாடுகிறார். டெத் மெட்டலின் உறுமலுக்குள் வேதாந்தத்தையும் வடமொழிச் சுலோகங்களையும் கொண்டுவந்து அதற்கு ‘வேதிக் மெட்டல்’ என்று பெயரும் வைத்தவர்கள். தம்பிக்கு அவர்கள்மேல் பெரிய மரியாதை, சின்னதாய் ஒரு மனக்குறையும் உண்டு. தமிழில் இதற்கு ஒன்றும் இல்லையா என்று கேட்டான். ஐயா பிளாஸ்க் மூடியில் காபியை ஊற்றிக்கொண்டே, “கலிங்கத்துப்பரணி படிச்சிருக்கியா தம்பி?” என்றார். பெரும்பாக்கத்தில் இருக்கும் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் எடுத்துக்கொண்ட 41 பழைய நூல்களில் அது வராது, காலத்தால் பிந்தியது. ஆனால் ஐயாவுக்கு அதுதான் உயிர். பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கம், முதலாம் குலோத்துங்கன், கலிங்க மன்னன் இரண்டு முறை திறை கொண்டுவரவில்லை என்ற காரணம், கருணாகரத் தொண்டைமானின் படை, பாடியவர் செயங்கொண்டார். அதற்கடுத்த இரண்டு வாரமும் தம்பி பஸ்ஸில் பரணி படித்தான். மூன்றாம் ஞாயிறு, சொம்பைக் கீழே வைத்துவிட்டு, பேய்கள் கூழ் சமைக்கும் பகுதியிலிருந்து நாலு தாழிசையை அடித்தொண்டையில் உறுமிக் காட்டினான்.

எனக்கு மெய்சிலிர்த்தது, மறைப்பதற்கில்லை. அன்றைக்கு ஒன்று புரிந்தது. உறுமலில் ராகம் போய்விடுகிறது. பாடகன் குரல்நாண்களுக்கு மேலே இருக்கும் பொய்க் குரல்நாண்களை அதிரவிடுகிறான், சுருதி மேலே ஏறுவதற்கும் கீழே இறங்குவதற்கும் அங்கே வழி குறைவு. மிஞ்சுவது நீளமும் அழுத்தமும்தான். நம் யாப்பு நிற்பதும் நீளத்தின்மேல்: குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, ஒற்றுக்கு அரை. ஆகவே ராகம் முழுக்க உதிர்ந்தபிறகும் தாழிசை தாழிசையாகவே இருந்தது. வல்லின ஒற்றுகள் ஒவ்வொன்றும் தகட்டில் விழும் அச்சுபோல் விழுந்தன. படை எழும் இடத்தில் குறில்கள் அடுக்கடுக்காய் ஓடிவருமே, அதை எந்த டிரம்மரிடம் கொடுத்தாலும் அவன் கால்கள் தானாக ஓடத் தொடங்கும். ஐயா கண்ணை மூடிக் கேட்டார். நாற்பது வருடம் பாடம் நடத்தியும் இந்தச் சந்தத்தின் எலும்பு இன்றைக்குத்தான் தெரிந்தது என்றார். அப்போதுதான் அக்கா கேட்டார்.

அவருக்குச் சொற்கள் புரிந்திருக்காது என்று முதலில் சமாதானம் சொல்லிக்கொண்டேன். உறுமல் ஒப்பாரிபோலக் கேட்டிருக்கும். தம்பியின் முகமும் அந்த நேரத்தில் கோணி, கழுத்து நரம்பு புடைத்து, துக்கவீட்டில் நிற்பவன் முகமாகத்தான் இருந்தது. ஆனால் வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தை எடுத்துக் ‘களம் பாடியது’ என்ற பகுதியைத் திறந்தபோது அவர் சரியாகத்தான் கேட்டிருக்கிறார் என்று பட்டது. பரணியின் அந்தப் பகுதி ஒரு காலைப்பொழுது. பேய்கள் எழுந்து வேலைக்குப் போவதுபோலத்தான் தொடங்குகிறது. விழுந்த யானையின் தந்தம் பல்குச்சி. அதன் விலா எலும்பு நாக்கு வழிக்கும் தகடு. அம்பு நகம் வெட்டி. மதநீர் தலைக்கு எண்ணெய், எண்ணெய் போக்க மூளை, முழுகக் குருதி மடு. குளித்தானதும் சமையல். வீரர்களின் பற்கள் அரிசி, முரசு உரல், தந்தம் உலக்கை. குத்தும்போது வள்ளைப்பாட்டு. நான் தினமும் காலையில் செய்கிற ஒவ்வொன்றும் அங்கே வரிசை மாறாமல் இருக்கிறது, பொருள்கள் மட்டும் ஒருவரின் உடம்பிலிருந்து எடுத்தவை. இருபது வயதில் இதைப் படித்தபோது என்ன கற்பனை என்று வியந்தேன். இப்போது படித்தால் பல் துலக்கும்போது கை நிற்கிறது.

இதிலேயே நின்றுவிட்டால் பேய்களுக்கு அநியாயம் செய்தவனாவேன். செயங்கொண்டாரின் பேய்களைப்போலப் பசித்தவர்கள் தமிழில் குறைவு. ஒட்டிய வயிறும் குழிந்த கண்ணுமாய்க் காளியிடம் வந்து பசியை முறையிடுகின்றன. இமயத்திலிருந்து வந்த கிழப்பேய் ஒன்று இந்திரசாலத்தில் போர்க்களத்தைக் காட்டுகிறது. பசித்த பேய்கள் பாய்ந்து அள்ளினால் கை வெறுங்கையாக இருக்கிறது. வெறுங்கையை நக்கிப் பார்க்கிற பசியை, அதைப் பார்த்திராத ஒருவர் எழுதியிருக்க முடியாது. கூழ் ஆனதும் அவை பரிமாறிக்கொள்ளும் விதம்தான் என்னை மறுபடி மறுபடி அந்தப் பக்கத்துக்கு இழுக்கிறது. குருட்டுப் பேய்க்கு ஊற்றுகிறார்கள், கருவுற்ற பேய்க்கு ஊற்றுகிறார்கள், வாய் பேசாமல் கையால் காட்டிக் கேட்கிற ஊமைப் பேய்க்கும் ஊற்றுகிறார்கள். பார்ப்பனப் பேய், சமணப் பேய், புத்தப் பேய் என்று அவரவர் நோன்புக்குத் தக்கபடி கூழ் போகிறது. யாரும் பட்டினியாய்த் திரும்புவதில்லை. அம்மன் கோயில் வாசலில் ஆடியில் கூழ் ஊற்றுவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு இந்த வரிசை நன்றாகத் தெரியும். அரசவைப் புலவர் ஏழைகள் கூழ் காய்ச்சும் அடுப்படியை அருகே நின்று பார்த்திருக்கிறார். பார்த்ததை அப்படியே பேய்க்குக் கொடுத்துவிட்டார். பாட்டில் அரசன் கூழ் குடிப்பதில்லை.

அப்படியென்றால் நான் யார் பக்கம் நின்று இதைக் கேட்கிறேன்? இங்கேதான் மனம் நிலைகொள்ளவில்லை. பிளாக் சாபத்தின் ‘வார் பிக்ஸ்’ 1970இல் வந்தது. முதலில் அதன் பெயர் ‘வால்பர்கிஸ்’. சூனியக்காரிகள் கூடும் இரவைப் பற்றிய பாட்டாகத் தொடங்கி, பிறகு போரைப் பற்றியதாக மாறியது. பேய்க்கூட்டமும் போர்க்களமும் ஒரே பாட்டில் இருப்பது பரணியை நினைவூட்டுகிறது. ஆனால் பர்மிங்காம் பையன்கள் படைத்தலைவர்களைத்தான் சூனியக்காரிகளாகப் பார்த்தார்கள். அவர்களுக்குப் போர் என்றால் தங்கள் தெருப் பையன்கள் போய்ச் சாகிற இடம். பரணியில் பேய்கள் படைத்தலைவனை வாழ்த்துகின்றன, அவன்தானே கூழுக்கு வழி செய்தவன். தம்பி இதை இன்னொரு விதமாகப் பார்த்தான். உறுமுகிறவன் எப்போதும் பேய் பக்கம்தான் அண்ணா, ஜெயிச்சவனுக்கு எதுக்கு உறுமல் என்றான். அதை மறுக்கவும் முடியவில்லை, முழுக்க ஒப்பவும் முடியவில்லை. பசித்தவனின் குரல் என்பதற்காக அது யாரைத் தின்கிறது என்று கேட்காமல் விடலாமா?

கலிங்கத்தாருக்குப் பரணியில் குரலே இல்லையா என்று தேடினேன். ஒரே இடத்தில் நன்றாகக் கேட்கிறது, தோற்று ஓடும் இடத்தில். வில்லின் நாணை அறுத்துப் பூணூலாகப் போட்டுக்கொண்டு, கங்கைக்கு நீராட வந்தோம், அகப்பட்டுக்கொண்டோம் என்கிறார்கள் சிலர். தலைமயிரைப் பறித்துவிட்டுச் சமணர் என்கிறார்கள். குருதி தோய்ந்த துணியைப் போர்த்திப் புத்தத் துறவி என்கிறார்கள். யானையின் கழுத்து மணிகளை எடுத்துத் தாளமாகத் தட்டி, நாங்கள் தெலுங்கப் பாணர், படை மடிந்ததைப் பார்த்துத் திகைத்து நிற்கிறோம் என்கிறார்கள் வேறு சிலர். கல்லூரியில் இந்த இடம் வந்ததும் வகுப்பே சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன். ஐயாவின் வகுப்பிலும் சிரித்திருப்பார்கள், ஏனென்றால் அவர் அதை அவ்வளவு நன்றாகச் சொல்வார். உயிர் பிழைக்கப் பாடகன் வேஷம் போடுகிறான் ஒருவன். நண்பனின் யானை செத்துக்கிடக்க, அதன் கழுத்தில் கிடந்த மணியை அவிழ்த்துத் தாளம் தப்பாமல் தட்டியாக வேண்டும். அந்தக் கைநடுக்கத்தை நான் எத்தனை வருடம் கேட்காமல் இருந்திருக்கிறேன்!

இதை ஐயாவிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, ஆனால் விட்டுக்கொடுக்கவும் இல்லை. களத்தில் சமைப்பது செயங்கொண்டாருக்கும் முந்திய மரபு என்றார். புறநானூற்றில் மாங்குடி கிழார் தலையாலங்கானத்து நெடுஞ்செழியனைப் பாடும்போதே அடுப்பும் உலையும் துடுப்பும் மனித உடம்பிலிருந்து வந்துவிட்டன. துடுப்பு என்ற சொல்லே அங்கே இருக்கிறது. அக்கா கையில் இருப்பதும் அதே சொல்தான், இரண்டாயிரம் வருடத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. அதே புறநானூற்றில் சேரனும் சோழனும் இருவருமே விழுந்த களத்தைக் கழாத்தலையாரும் பரணரும் பாடியிருக்கிறார்கள், தோற்ற பாரியின் பெண்கள் நிலாவைப் பார்த்துப் பாடியதும் இருக்கிறது, தமிழ் ஒருபக்கம் மட்டும் நின்ற மொழி இல்லை என்றார். சற்று நேரம் காபியை ஆற்றிக்கொண்டிருந்துவிட்டு, “அந்தப் பொண்ணு கேட்டதுக்கு அன்னைக்கே பதில் சொல்லியிருக்கணும். நூலோட பேர்லயே இருக்கே” என்றார். பரணி நூல்கள் தோற்றவர் பெயரால்தான் வழங்கும். வென்ற சோழனின் பெயரோ தொண்டைமானின் பெயரோ அந்தப் புத்தகத்துக்கு இல்லை. செத்தவர்களின் நாட்டுப் பெயர்தான் இருக்கிறது. தேர்வுக்கு மனப்பாடம் செய்த இலக்கணம் அது. ஒன்பது நூற்றாண்டாக ஒவ்வொரு முறையும் அந்தப் பெயரைத்தான் முதலில் சொல்லிவருகிறோம். அது மரியாதையா, வென்ற பொருளின்மேல் ஒட்டிய சீட்டா என்று எனக்கு இன்னும் தெளியவில்லை. ஒருநாள் ஒன்றாகவும் மறுநாள் மற்றொன்றாகவும் படுகிறது.

பொங்கல் முடிந்த வாரம் ஐயாவே அக்காவிடம் போய்ச் சொன்னார். “அன்னைக்குக் கேட்டியேம்மா, யாரு செத்துட்டாங்கன்னு. கலிங்க நாட்டுக்காரங்க. இப்ப ஒடிசான்னு சொல்றாங்களே, அந்தப் பக்கம்.” அக்கா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு யோசித்தார். “நம்மகிட்ட வர்ற பசங்களா?” என்றார். முடிச்சூர், மண்ணிவாக்கம் பக்கம் எழும்பும் அடுக்குமாடிகளில் வேலை செய்கிற பையன்கள் ஏழு மணிவாக்கில் சாரைசாரையாக வருவார்கள். அக்கா அவர்களை இந்திக்காரப் பசங்க என்றுதான் சொல்வார். அதில் நாலைந்து பேர் ஒடிசாவின் கோராபுட்டுக்காரர்கள் என்று தம்பி விசாரித்து வைத்திருந்தான். ஐயா என்ன சொல்வதென்று தெரியாமல், அது ரொம்ப காலத்துக்கு முந்தி என்றார். அக்கா அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்குத் தம்பி எதுவும் பாடவில்லை.

ஏழு மணிக்குப் பையன்கள் வந்தார்கள். சிமெண்ட் படிந்த கால்சட்டை, தோளில் துண்டு. தமிழ் வராது. முன்னால் நின்றவன் இரண்டு விரலைக் காட்டி, பிறகு உள்ளங்கையைக் குழித்துக் கொஞ்சம் கெட்டியாக வேண்டும் என்று சைகை செய்தான். அக்கா புரிந்துகொண்டு தண்ணீரைக் குறைத்துக் கரைத்தார். அவன் ஒரு வாய் குடித்துவிட்டுப் பக்கத்திலிருந்தவனிடம், “மண்டியா” என்றான். அவர்கள் ஊரில் கேழ்வரகுக்கு அதுதான் பெயர், அங்கேயும் காலையில் இதே கஞ்சிதான் என்று தம்பி மெதுவாகச் சொன்னான். அக்கா அந்தச் சொல்லை ஒருமுறை தானும் சொல்லிப் பார்த்தார். இரண்டாமவன் மோர்மிளகாயைச் சுட்டினான். அண்டாவில் கூழ் குறைந்திருந்தது. அக்கா சாய்த்துப் பிடித்து அடியிலிருந்து வழித்தபோது துடுப்பு பாத்திரத்தில் தட்டிய சத்தம் நாங்கள் நின்ற இடம்வரை கேட்டது.